நாஸ்திகன் போய்ச் சேர்ந்த இடம்

நாஸ்திகம் பேசியவர்களில் சிலர் ஒரு நாள் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு கிறிஸ்துவர்களாகி விடுகிறார்களே, அது ஏன்? இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பாதிரியார்கள், “சத்தியம் வென்றது” என்கிறார்கள். பகுத்தறிவுக்காரர்கள், “சோறு வென்றது” என்கிறார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டுமே மட்டமான கதைகள். முதலாவதில் மனிதன் வெறும் தர்க்கம். இரண்டாவதில் அவன் வெறும் வயிறு. பாத்திரம் என்று சொல்லத்தக்க ஓர் ஆள் இரண்டிலும் இல்லை.

ஆள் வேண்டுமானால் கல்கத்தாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே இந்துக் கல்லூரிக்கு 1826-இல் ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். பெயர் ஹென்றி டிரோஸியோ, வயது 17. மாணாக்கர்களுக்கும் அவருக்கும் வயதில் அதிக வித்தியாசமில்லை. கடவுள் உண்டா என்பதைப் பற்றி ஹியூம் எழுப்பிய சந்தேகங்களையும் சொன்னார். அவற்றுக்குப் பிறர் சொன்ன பதில்களையும் சொன்னார். பையன்கள் சந்தேகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பதில்கள் காற்றோடு போயின. எந்த வகுப்பில்தான் அப்படி நடக்கவில்லை? 1831 ஏப்ரலில் அவரை வேலையை விட்டு விலகும்படி செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வாந்திபேதியில் செத்துப்போனார். அப்போது வயது 22.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் கிருஷ்ணமோகன் பானர்ஜி. குலீன பிராமணர்; ‘என்கொயரர்’ என்ற பத்திரிகையை நடத்தி, ஊர் ஆசாரத்தையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தவர். 1831 ஆகஸ்டில் ஒரு நாள் அவர் வீட்டில் இல்லாத சமயம், சிநேகிதர்கள் அங்கே கூடி மாட்டிறைச்சி தின்றார்கள். தின்றதோடு விட்டார்களா? மிச்சத்தைப் பக்கத்து பிராமணர் வீட்டுக்குள் எறிந்தார்கள். தெரு திரண்டது. செய்யாத காரியத்துக்காகக் கிருஷ்ணமோகன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வயது 18.

இந்த இடத்தில் பாதிரியாரின் கதையும் சரி, பகுத்தறிவுக்காரரின் கதையும் சரி, அவசரமாக அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடுகின்றன. நான் என்றால் இங்கேதான் நாவலை நிறுத்துவேன். பழைய தெய்வம் பொய் என்று தெரிந்துவிட்டது. அந்தத் தெய்வத்தோடு சேர்த்து வீடும், ஜாதியும், இலையில் விழுந்த சோறும் போய்விட்டன. குருவும் சில மாதங்களில் இல்லை. கையில் மிஞ்சியவை ஒரு பத்திரிகையும் தான் சொன்னதே சரி என்ற எண்ணமும்தான். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பையன் எத்தனை ராத்திரி தூங்குவான்?

ஸ்காட்லாந்திலிருந்து அலெக்ஸாண்டர் டஃப் என்ற பாதிரியார் 1830-இல் வந்திருந்தார். அவர் இந்த இளைஞர்களைத் திட்டவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து விவாதித்தார். ஊர் அவர்களைப் பதிதர்கள் என்றது. அவர் ஒருவர்தான் அவர்களுடைய சந்தேகத்தை மதித்தார். அவர்களுடைய ஆயுதமும் ஆங்கிலத் தர்க்கம், அவருடையதும் அதுவே. 1832 ஆகஸ்டில் மகேஷ் சந்திர கோஷ், அக்டோபரில் கிருஷ்ணமோகன் என்று இருவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்காக என்று சொல்வதற்கில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிறகு கிருஷ்ணமோகனுக்கு இருந்த வாத்தியார் வேலையும் போயிற்று.

வீடிழந்ததால் மாறினார் என்று முடித்துவிடலாமா? கூடாது. ராம்கோபால் கோஷும் ரசிக் கிருஷ்ண மல்லிக்கும் அதே வகுப்பில் அதே சந்தேகங்களைக் கற்றவர்கள்தாம். அவர்கள் மாதாகோயில் பக்கம் போகவில்லை. சிலருக்குச் சந்தேகம் ஒரு சட்டை. மாட்டிக்கொண்டு உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போகலாம். சிலருக்கு அது தாகம். தாகம் உள்ளவன்தான் மாறுகிறான் என்பது என் கட்சி. நாஸ்திகத்தில் அரைகுறையாக இருந்தவன் மதம் மாறுகிறான் என்று நண்பர்கள் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்கிறேன்.

இங்கிலீஷில் இதைப் பற்றி வந்த புத்தகங்களில் சி. எஸ். லூயிஸ் 1955-இல் வெளியிட்ட சுயசரிதையை நல்லதென்பேன். ஒன்பது வயதில் தாயை இழந்து, யுத்தத்தில் அடிபட்டு, கடவுள் இல்லை என்று தீர்மானித்திருந்தவர் அவர். 1931-இல் அண்ணனின் மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பெட்டியில் உட்கார்ந்து மிருகக்காட்சிச் சாலைக்குப் போனபோது, வழியிலே விசுவாசியானார். பால்யத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறவர், இந்த விஷயத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொல்லக்கூடும். எனக்கு அதுதான் யோக்கியமாகப் படுகிறது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்கு எதிரிடை, சோமாலியாவில் பிறந்த அயான் ஹிர்ஸி அலி 2023-இல் எழுதிய கட்டுரை. ரஸ்ஸலின் 1927-ஆம் ஆண்டுப் பிரசங்கத் தலைப்பைத் திருப்பிப் போட்டு, தான் ஏன் கிறிஸ்துவரானேன் என்று எழுதினார். மேல்நாட்டு நாகரிகத்தைக் காப்பாற்ற அந்த மதம் வேண்டும் என்பது அதில் பெரிய வாதம். இது அரசியல், பக்தி அல்ல. கடவுளில்லாத வாழ்க்கைக்கு அர்த்தம் தேடித் தோற்றதையும் சொல்கிறார். அதிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தக் கட்டுரைக்கு உயிர் வந்திருக்கும்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டாக நாஸ்திகப் பிரசாரம் நடந்தும், மனம் மாறியவர்கள் பெரும்பாலும் ஏன் மாதாகோயிலுக்குப் போகவில்லை? கண்ணதாசன் ஒருவரே போதும். கம்பனைக் கண்டிக்க வேண்டுமென்று படித்தார். கம்பன் அவரைப் பிடித்துக்கொண்டான். ‘இயேசு காவியம்’ பாடியவரும் அவரே. ஆனால் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதிய கையால்தான் பாடினார். திரும்பி வருகிறவனுக்குத் தன் பாஷையிலேயே ஒரு திண்ணை இருந்தது. கல்கத்தாப் பையன்களுக்குச் சந்தேகம் ஆங்கிலத்தில் வந்தது. கடவுளும் ஆங்கிலத்திலேயே வந்தார். பிற்பாடு, 1875-இல், கிருஷ்ணமோகன் வேதத்தில் வரும் பிரஜாபதியின் யாகத்தில் கிறிஸ்துவின் சாயலைக் கண்டு ஒரு புத்தகம் எழுதினார். துரத்திய வீட்டுக்கே திரும்பி வந்து, சுவரில் தன் பெயரைத் தேடியிருக்கிறார் பாவம்.

நான் இருக்கும் வடலூரில் இராமலிங்க சுவாமிகள் 1867-இல் தருமச்சாலையையும் 1872-இல் ஞானசபையையும் ஏற்படுத்தினார். விக்கிரகம் இல்லை, ஜாதி இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னே ஒரு ஜோதி. வேதாகமங்களையே கடைசியில் ஒதுக்கிவைத்தவர். நாஸ்திகத்தைக் கைவிடுகிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான இடம் உண்டா? பக்கத்து நெய்வேலியில், 1956-இல் தொடங்கிய நிலக்கரி ஸ்தாபனத்துக்குத் தங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்றவர்களும், எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்களுமாக, பழைய ஊரை விட்டவர்களே ஒரு நகரமாகக் குடியேறினார்கள். அவர்களில் ஒரு கருப்புச் சட்டைக்காரருக்குத் தாகம் எடுத்தால் ஐந்தாறு மைல் நடந்து இங்கே வரலாமே!

வரலாம். ஆனால், கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரவேண்டும் என்று சபையில் எழுதி வைத்திருக்கிறது. ஜீவகாருண்யத்தில் பிறந்த வாசகம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலங்காலமாகக் கறி தின்றதற்காகவே தாழ்ந்தவன் என்று ஏச்சுக் கேட்டவன் அந்த எழுத்தை எப்படிப் படிப்பான்? மாதாகோயில் வாசலில் அப்படி எழுதியிருக்கவில்லை. உள்ளே போன பிறகு சுவர் இருந்ததும் உண்டு. வடக்கன்குளத்தில் ஜாதிக்கு ஒரு பக்கமாகக் கோயிலையே பிரித்துக் கட்டி, நடுச்சுவரை 1910-இல்தான் இடித்தார்கள். ஆனாலும் வாசலில் நிற்கிறவனுக்கு வாசல்தான் தெரியும்.

பெரியாரே இந்தச் சபைக்கு ஒரு முறை வந்து, அந்த எழுத்தைப் பார்த்து, “நான் கறி சாப்பிடுகிறவன்” என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டார் என்று இங்கே சொல்வதுண்டு. சுவாமிகளின் பாடல்களைத் திரட்டித் தம் அச்சுக்கூடத்தில் புத்தகமாகப் போட்டவரும் அவர்தான்.