ஓரக்கண்ணால் ஒரு நட்சத்திரம்

மொட்டை மாடியில் நின்று கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது நடந்திருக்கும். ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரியும். அதையும் கணக்கில் சேர்க்கலாம் என்று நேராகப் பார்த்தால் காணாமல் போகும். பார்வையைச் சற்றே ஒதுக்கினால் பழைய இடத்திலேயே மறுபடி உட்கார்ந்திருக்கும். இந்தக் கண்ணாமூச்சிக்குக் காரணம் நம் விழித்திரைதான். உற்றுப் பார்க்க நாம் பயன்படுத்தும் அதன் நட்டநடுக் குழியில் குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் கூம்பு செல்கள். நிறமும் நுணுக்கமும் கூம்புகளின் இலாகா. மங்கல் வெளிச்சம் குச்சிகளின் இலாகா. அவை குழியைச் சுற்றித்தான் குடியிருக்கின்றன.

பள்ளிப் பாடத்தில் குச்சி செல்லுக்கு இரண்டு வரி, இரண்டு மதிப்பெண். அதற்கு மேல் யாரும் நின்று பார்ப்பதில்லை. கொஞ்சம் நின்றுதான் பார்ப்போமே.

செல்லின் வெளிமுனையில் ஏறத்தாழ 1,000 மெல்லிய சவ்வுத் தட்டுகள், அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பதிந்திருக்கும் ரோடாப்சின் என்னும் ஒளியுணர் நிறமியின் மூலக்கூறுகள் சுமார் 10 கோடி. ஒவ்வொன்றின் மடியிலும் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் என்னும் சிறு மூலக்கூறு முதுகு வளைந்து படுத்திருக்கிறது. (அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான்.) ஒரே ஒரு ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், பட்டால் போதும், வளைந்த முதுகு நிமிர்ந்துவிடும். ஒரு நொடியை 5 லட்சம் கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்கு நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

வேகத்தைவிட என்னை அசத்துவது இதன் பொறுமை. வெளிச்சம் படாமல் விட்டுவைத்தால், ஒரு ரோடாப்சின் தானாக உதறி எழச் சராசரியாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 10 கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்திருக்கும் ஒரு செல்லிலேயே, பொய்த் தகவல் சில நிமிடங்களுக்கு ஒன்றுதான் கிளம்புகிறது. அப்படி அமைதி காப்பதால்தான் ஒற்றை ஒளித்துகள் வந்தாலும் அதன் காலடிச் சத்தம் கேட்கிறது.

அது உண்மையிலேயே கேட்கிறது என்பதை 1942-இல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் காட்டினார்கள். இருட்டுக்குக் கண்ணை நன்றாகப் பழக்கிக்கொண்டு, பார்வையின் நடுவிலிருந்து 20 பாகை தள்ளி மிக மெல்லிய ஒளிச் சிமிட்டலை விழச்செய்தார்கள். 'தெரிகிறது' என்று சொல்வதற்குக் குச்சிகள் உள்வாங்க வேண்டியிருந்தது 5 முதல் 14 ஒளித்துகள்கள் மட்டுமே. ஒளி விழுந்த பரப்பிலோ சுமார் 500 குச்சிகள். ஒரே குச்சியில் இரண்டு விழுவது அரிது. ஆக, ஒரு குச்சியை எழுப்ப ஒன்று போதும். காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கை, 1979-இல் பேய்லர், லாம்ப், யாவ் மூவரும் தேரையின் குச்சி செல்லைக் கண்ணாடிக் குழாய் நுனியில் உறிஞ்சிப் பிடித்து, மின்னோட்டமாகவே அளந்து பார்த்துவிட்டார்கள்.

இனி ஒரு தலைகீழ் வேடிக்கை. ஒளி பட்டால் செல் பேசத் தொடங்கும் என்றுதானே நினைப்போம்? இது இருட்டில்தான் ஓயாமல் பேசுகிறது. இருட்டில் அதன் வாயில்கள் திறந்திருக்கும், சோடியம் உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும், மறுமுனையில் குளுட்டமேட் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒளி பட்டதும் வாயில்கள் மூடும், பேச்சு குறையும். அந்தக் குறைவுதான் அடுத்த செல்லுக்குச் சேதி. நாம் விளக்கணைத்துக் கண்மூடிப் படுத்த பிறகு குச்சி செல்லுக்கு ஆற்றல் செலவு கூடுகிறது என்பது கேட்பதற்கு விநோதம், ஆனால் உண்மை.

விடிந்ததும் இன்னொரு வேலை நடக்கிறது. அப்பளக் கட்டின் நுனியிலிருக்கும் பழைய தட்டுகள் சில கழன்று விழ, பின்னாலிருக்கும் நிறமிப் படலம் அவற்றை விழுங்குகிறது. அடியில் புதுத் தட்டுகள் முளைத்தபடி இருக்கின்றன. அடியில் பிறந்த தட்டு நுனிக்குப் போய்ச்சேரச் சுமார் 10 நாள். போன மாதம் இதே நட்சத்திரத்தைப் பார்த்த தட்டுகளில் ஒன்றுகூட இன்று உங்கள் கண்ணில் இல்லை.

இவ்வளவு நேர்த்தியான செல், மூத்த செல்லாகத்தான் இருக்கும் என்று தோன்றும். மரபணுக்கள் வேறு கதை சொல்கின்றன. கோழிக் கண்ணின் நிறமிகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் ஒப்பிட்டபோது, கூம்புகளின் நிறமிகள் முதலில் கிளை பிரிந்திருந்தன. ரோடாப்சின் அவற்றிலிருந்து பிற்பாடு வந்தது. பகல் பார்வைதான் அக்காள், இரவுப் பார்வை தங்கை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் பல்லி. ஹெக்ட் குழு கட்டுரை எழுதிய அதே 1942-இல், கார்டன் வால்ஸ் முதுகெலும்பிகளின் கண்ணைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். பல்லியின் குச்சி செல்கள் உருவத்தில் குச்சியாக இருந்தாலும் சாயலில் கூம்பாக இருப்பது அவர் கண்ணில் பட்டிருந்தது. முன்னோர் பகலில் திரிந்தபோது குச்சிகளை இழந்தார்கள், சந்ததி இரவுக்குத் திரும்பியபோது கூம்புகளையே நீட்டிக் குச்சியாக்கிக்கொண்டது என்றார். துணிச்சலான ஊகம். பின்னாளில் மரபணுவைத் தேடியவர்களுக்குப் பல்லிகளிடம் ரோடாப்சின் கிடைக்கவில்லை. அந்தக் 'குச்சி'களுக்குள் கூம்பின் நிறமிகளே இருந்தன. தையல்காரர் பழைய சட்டையைப் பிரித்துப் புது அளவுக்குத் தைத்தாற்போல.

பழைய சட்டையில் ஒரு லாபமும் மிஞ்சியது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லினா ரோத், அல்முட் கெல்பர் இருவரும் வடமேற்கு ஆப்பிரிக்கப் பல்லி இனமொன்றைச் சோதித்தார்கள். நம் கண்ணுக்கு எல்லாம் சாம்பலாகிவிடும் மங்கல் நிலவொளியில், அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்துக் காட்டியது. நம் நிறப்பார்வையின் விளிம்பில், அதன் கண் நம் கூம்புப் பார்வையைவிடச் சுமார் 350 மடங்கு ஒளியுணர்வு மிக்கது என்று கணக்கிட்டார்கள்.

இன்றிரவு டியூப்லைட் பக்கம் பல்லி வந்தால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காமல், கொஞ்ச நேரம் அதன் கண்ணைப் பாருங்கள்.