காதில் விழுந்தது, தாளில் எழுந்தது

சேலம், நாமக்கல் பக்கம் ‘காடு’ என்றால் வனமல்ல. மழையை நம்பி உழுகிற புஞ்சை. மேட்டாங்காடு என்பார்கள். அப்படியொரு காடு குடியிருப்புக் காலனிக்காகக் கைவிட்டுப்போன குடும்பத்தின் கதைதான் 1991இல் வந்த ‘ஏறுவெயில்’ நாவல். எழுதிய பெருமாள்முருகனுக்கு அப்போது வயது 25. இந்தப் பகுதியில் எழுதவும் பாடவும் வருகிற இளம் படைப்பாளிகளுக்கு ஊற்று எது என்று கேட்டால், முதலில் காதைத்தான் சொல்ல வேண்டும்.

எழுத்தும் இசையும் ஒரே வளாகத்துக்குள் சம்பளத்துக்கு இயங்கிய காலமும் இங்கே உண்டு. 1930களில் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்துக்காக ‘மந்திரிகுமாரி’ படத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதிக்கு, 1950இல் அது வெளியானபோது 26 வயது; இசை ஜி. ராமநாதன். அடுக்குமொழியில் தமிழ்நாட்டையே கிறங்கடித்த அந்த வளாகத்துக்குள், வெளியே சந்தையில் கேட்ட பேச்சு நுழையவில்லை. ஏற்காடு சாலையில் இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

அடுத்து வந்தவர்கள் திரையரங்கின் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார்கள். பெருமாள்முருகனின் தந்தை திருச்செங்கோட்டுத் திரையரங்கில் சோடாக்கடை நடத்தியவர். அவருடைய ‘நிழல்முற்றம்’ நாவல் திரையில் ஓடும் படத்தைப் பார்க்கவில்லை. இடைவேளையில் சோடாவும் முறுக்கும் விற்கிற பையன்களைப் பார்த்தது. அவர்கள் பேசியதே நாவலின் மொழி. கேட்ட சொற்களைச் சேர்த்துச் சேர்த்து அவர் உருவாக்கிய ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000இல் நூலானது. நாவலாசிரியரும் அகராதிக்காரரும் ஒருவரே என்பது தற்செயலல்ல. இரண்டு வேலைக்கும் மூலதனம் ஒன்றுதான்.

காது தனியாளுடையது, அதைப் பழக்குவதற்குக் கூட்டம் வேண்டியிருந்தது. நாமக்கல் அரசுக் கல்லூரியில் பெருமாள்முருகன் ஆசிரியராக இருந்த காலத்தில் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு உருவானது. மாணவர்கள் கூடி வாசித்தார்கள், விவாதித்தார்கள். அதன் விளைவு ‘சாதியும் நானும்’ (2013): 32 பேர் தம் வாழ்வில் சாதி குறுக்கிட்ட இடத்தை எழுதிய தொகுப்பு. கற்பனை வளம் பற்றிய பாடம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நடந்ததைச் சொல்லத் துணிவும், சொன்னால் கேட்க ஆளும் போதுமானவையாக இருந்தன.

மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் ‘மணல்வீடு’ சிற்றிதழ் இன்னொரு வாசலைத் திறந்தது. இதழின் கூடவே ‘களரி’ அமைப்பு. அதன்வழி கூத்தும் பொம்மலாட்டமும் இலக்கிய வாசகர் முன் வந்தன. விடிய விடிய நடக்கிற கூத்தில் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டு மனப்பாடம்; வசனமோ அன்றைய கூட்டத்தின் முகம் பார்த்துப் பிறக்கிறது. கோமாளி உள்ளூர்ச் சங்கதி ஒன்றை இழுத்துப் போடுவான். ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் அவனுக்காகக் காத்திருந்து பிடித்துக்கொள்ளும். படைப்பு முறை பற்றிக் கேட்கிற இளைஞருக்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் கிடையாது.

தமிழ்த் தனியிசையும் பெரும்பாலும் இந்த வழியில்தான் நடக்கிறது. ராப் பாடகர் அறிவின் ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021) இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் வாழ்விலிருந்து கிளைத்தது. எழுத்திலிருந்து இசைக்குப் போகும் எதிர்த்திசையிலும் பாதை உண்டு. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பையடுத்து 2015 ஜனவரியில் எழுத்தை விட்டதாக அறிவித்த பெருமாள்முருகனிடம் அந்த மௌன காலத்தில் உரைநடை நின்றது, கவிதை நிற்கவில்லை. அந்த நாவல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த 2016இலேயே அக்கவிதைகள் ‘கோழையின் பாடல்கள்’ ஆயின. பின்னர் பஞ்சபூதங்கள் பற்றி அவர் எழுதிய கீர்த்தனைகளைக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா மேடையில் பாடினார். கொங்குக் காட்டில் கிளம்பிய குரல் சபா வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் கணக்கு சமமாக இல்லை. யாருடைய சம்பளத்தையும் நம்பாமல், தானே ஜமா என்னும் குழு சேர்த்து, அச்சாரம் வாங்கி ஆடுகிற கூத்துக்காரரை ‘நாட்டுப்புறம்’ என்று ஒதுக்கிவிட்டு, ‘தனியிசை’ என்ற பெயரை நகரத்து மேடைக்கு எழுதிவைத்திருக்கிறோம். சொல் புதிது, தொழில் பழையது. இதனால் நட்டம் இளையவருக்குத்தான். கணினியில் தாளம் அடுக்கும் பிள்ளைக்கு, பக்கத்து ஊர் முகவீணைக்காரர் மூத்த சகா என்றே தெரியாமல் போகிறது.

இந்த மண்ணில் எழுத்து வளர்ந்தது, எழுதியதை நாலு பேர் முன் வாசித்து, குறை கேட்டு, திரும்பப் போய் எழுதியதால். பாட்டுக்கு அப்படியொரு திண்ணை இன்னும் அமையவில்லை. அதற்கென்று புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. கூத்து முடிந்து, அரிதாரம் கலைத்து, ஜமா டீக்கு உட்கார்கிற விடியற்காலையில் பாடத் தெரிந்த பிள்ளை ஒன்று அங்கே போய் உட்கார்ந்தால் போதும்.