மூட்டையில் வரும் படகு

செஞ்சியில் படகுத்துறை கிடையாது, படகோட்டியும் கிடையாது. மூன்று மலையை வளைத்து மதில் எழுப்பி, சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று நீரைத் தேக்கி, கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. விழுகிற மழையை ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் இங்கே காலங்காலமாக நடந்த வேலை. அந்த மலைகளின் மழைநீரை வாங்கிக்கொண்டு போகும் சங்கராபரணி, வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் முள்ளுமாகக் கிடக்கும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கதை மாறியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை புரண்டன. விழுப்புரம் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் மீட்புப் படைகள் வந்தன. அவர்களுடைய படகுகள் லாரியில் வந்தன. மரப்படகை அப்படி அவசரத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. ரப்பர் படகு மடித்துக் கட்டிய மூட்டையாக வந்து, தெருமுனையில் பிரிந்து, படகாகி, தண்ணீரில் இறங்குகிறது. துறை இல்லாத ஊருக்கென்றே பிறந்த படகு என்று எனக்குத் தோன்றும். அது பிரிந்து படகாகிற அந்தச் சிறு நேரம்தான் அதன் அழகெல்லாம் இருக்கிற இடம். மழைக்காலத்துக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் ஏரிக்கரைகளில் ஒத்திகை நடத்துவார்கள். கூட்டம் படகு ஓடுவதைப் பார்க்கத்தான் வரும். அரைமணி முன்னதாகப் போகிறவருக்குத்தான் விருந்து.

முதல் வேலை பெருக்குவது. செஞ்சிப் பக்கம் எங்கே கால் வைத்தாலும் கருங்கல் சில்லு. இடத்தைக் கையால் தடவிப் பார்த்துத்தான் தார்ப்பாய் விரிப்பார்கள். அதன்மேல் படகு, தொளதொளவென்று. உள்ளே தரைப்பலகைகள் போகும்: முன்மூக்குப் பலகை முதலில், பின்பக்கத்துப் பலகை அடுத்து, நடுப்பலகை இரண்டும் கடைசியில். அந்த இரண்டும் இடம் போதாமல் ஒன்றோடொன்று சாய்ந்து கூம்பி நிற்கும். ஒருவர் அதன்மேல் காலை வைத்து ஒரு மிதி மிதித்தால், 'டொக்'கென்று படிந்துவிடும். ஆணி இல்லை, திருகு இல்லை. பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதுதான் பூட்டு. ஓரங்களில் நீளவாட்டத்தில் செருகும் அலுமினியச் சட்டம் அந்த நெருக்கத்தை நழுவவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

பிறகுதான் காற்று. படகின் குழல் வெளியே பார்க்க ஒன்றே, உள்ளே பல அறை. ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை தாங்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அறைக்கு அறை நடுவில் இருப்பது வெறும் துணித்தடுப்பு. ஒரு அறையை முழுக்க ஊதிவிட்டு அடுத்ததற்குப் போனால், தடுப்பு காலி அறைப் பக்கம் பிதுங்கித் தையல் நோகும். அதனால் விஷயம் தெரிந்தவர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டு சுற்றி வருவார், பந்தியில் பரிமாறுகிறவர் ஒரே இலையில் கொட்டிவிடாமல் போவதைப் போல. அடிப்பக்கத்து நடுக்குழல் கடைசி. அது நிமிரும்போது தரைப்பலகையை மேலே தள்ள, படகின் வயிறு கூராகி, தட்டையாகக் கிடந்தது சட்டென்று ஒரு திசை பெறும். பார்க்கவேண்டிய கணம் அது.

இத்தனைக்கும் உள்ளே இருக்கும் அழுத்தம் ஒன்றுமேயில்லை. கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல். இதில் பெரும்பாலும் மூன்றரைதான். குழல் பருத்தது என்பதால் அந்தக் கொஞ்சக் காற்றே மரமாக நிற்கிறது. பாறைகள் அனல் கக்கும் நேரத்தில் கரையில் விறைப்பாக ஊதிய குழல், குளிர்ந்த ஏரியில் இறங்கியதும் தளர்ந்துபோகும். பத்து டிகிரி குறைந்தால் அழுத்தத்தில் அரை பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். அதனால் தண்ணீரில் மிதக்கவிட்டபின் இன்னும் நாலு முறை பம்ப் அடிப்பார்கள். இந்த நாலு அடியைத் தெரிந்துவைத்திருப்பவரிடம் தைரியமாக ஏறிக்கொள்ளலாம்.

(இந்தப் படகை வடிவமைத்த முன்னோடிகளில் ஒருவர் பிரான்ஸின் பியர் டெப்ரூதெல். 1930களில் சோடியாக் கம்பெனியில் பொறியாளர். அந்தக் கம்பெனி ஆகாயக் கப்பல் செய்த கம்பெனி. வானத்துக்காகக் கற்ற ஊதும் வித்தை தண்ணீருக்கு வந்தது. 1952-இல் அலென் பொம்பார் என்ற மருத்துவர், இன்ஜின்கூட இல்லாமல் அப்படியொரு படகில் அட்லாண்டிக்கைத் தாண்டினார்.)

இன்ஜினை இரண்டு பேர் தூக்கிவருவார்கள். 25 குதிரைத்திறன் என்றால் ஏறத்தாழ 50 கிலோ. படகின் பின்முனையில் செங்குத்தாக நிற்கும் பலகையின் நட்டநடுவில் உட்கார வைத்து, இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கையால் முறுக்கி, அதற்கு மேலும் ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுவார்கள். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஓர் இறக்கை இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு விரற்கடை கீழாகவோ இருக்கவேண்டும். மேலே ஏறினால் புரொப்பல்லர் காற்றைக் குடித்து வெறுமனே அலறும். ரொம்பக் கீழே போனால் தண்ணீரை இழுத்து வாரி இறைக்கும். பெட்ரோல் டாங்கின் மூடியில் காற்றுத் திருகைத் திறந்து, குழாயின் நடுவிலுள்ள ரப்பர் குமிழைக் கெட்டியாகும்வரை அமுக்கி, நியூட்ரலில் வைத்து, சோக் இழுத்து, கயிற்றைச் சுண்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அனுபவஸ்தர் அப்போதும் முன்னால் பார்க்கமாட்டார். திரும்பி, இன்ஜினின் பின்புறத்திலிருந்து நூலாகப் பீய்ச்சுகிற தண்ணீரைத்தான் பார்ப்பார். அது வந்தால் இன்ஜின் குளிர்கிறது. வெள்ளத்தில் ஒரு பாலிதீன் பை ஒட்டிக்கொண்டாலே போதும், அந்த நூல் அறுந்துவிடும். உடனே நிறுத்தவேண்டும்.

ஓட்டுவதில் முதல் விசித்திரம், கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். இரண்டாவது, திரும்புவது மூக்கு அல்ல, பின்பக்கம்தான் வீசிக்கொண்டு போகிறது. சுவரோரம் திரும்புகிறவர் மூக்கை மட்டும் கவனித்தால் இன்ஜின் சுவரில் இடிக்கும். ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு சுருள் கயிறு மாட்டியிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு உருவி இன்ஜின் நின்றுபோகும். ஓட்டியில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர்மேலேயே புரொப்பல்லரோடு வரும் என்பதற்காக.

தெருவெள்ளத்தில் இதெல்லாம் பாதி நேரத்துக்குத்தான். உள்ளே போகப் போக முள்வேலி, கேபிள் ஒயர், முழுகிய மோட்டார் சைக்கிள். தவிர, படகு கிளப்பும் அலை, ஊறிப்போன மண்சுவரைச் சாய்த்துவிடலாம். அங்கே இன்ஜினை அணைத்துச் சாய்த்து வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கோலால் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, படகைக் கையால் இழுத்துப் போவார்கள். "பாட்டி, நடுவுல உக்காருங்க, ஓரத்தைப் புடிக்காதீங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வருவார். வாசலை நெருங்கும்போது மூக்கு எப்போதும் நீரோட்டத்துக்கு எதிராக. ஓட்டத்தோடு போனால் படகு நிற்காது. ரப்பர் குழல் திண்ணையில் மோதினால் சத்தமே வராது, திண்ணைக்கும் சேதமில்லை. இதையும் நான் படகின் பெருமைகளில் சேர்ப்பேன்.

வேலை முடிந்தபின் இன்ஜினை நல்ல தண்ணீர் நிரப்பிய பேரலில் இறக்கிச் சிறிதுநேரம் ஓடவிட்டுச் சேற்றைக் கழுவவேண்டும். படகை நிழலில் காயவைத்து, மடிப்புகளுக்குள் டால்கம் பவுடர் தூவிச் சுருட்டவேண்டும். பிறகு அடுத்த மழைவரை அதற்கு ஒரே எதிரி எலி. மூட்டையைத் தரையில் போடாமல் பரணில் ஏற்றுவது அதனால்தான்.