விடை கண்டார், விதி எழுதினாரில்லை

1965-இல் மாஸ்கோவில் பள்ளி மாணாக்கருக்கென்று தோன்றி, 2003-இல் பல்கேரியாவின் போரோவெத்ஸில் சர்வதேச வடிவம் பெற்ற மொழியியல் ஒலிம்பியாட்டை விளையாட்டுப் பக்கத்தில் விமரிசிப்பது பொருந்துமோ என்று ஐயுறுவோர், தனிநபர் சுற்றில் ஆறு மணி நேரம் அறியாத மொழிகளின் ஐந்து புதிர்களோடு மல்லாடும் பிள்ளைகளைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். (2019-இல் தென்கொரியாவில் நால்வர் குழுக்களுக்குத் தந்த புதிரோ, ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர்கள் குறித்துக்கொள்ளும் சங்கேதங்களைப் பற்றியதே!)

பாணினி ஒலிம்பியாட் வழியாகத் தேறியவர்களை இந்தியா 2009 முதல் அனுப்பி வருகிறது. 2016-இல் போட்டியே மைசூருக்கு வந்தது.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலக்கும் நம் சித்தூரின் சிறுவனுக்கு இவ்வாட்டத்தில் ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. வேலூர் வண்டிக்கும் பெங்களூர் வண்டிக்கும் நடுவே நின்று, தமிழர் பால் என்பதையும் பத்து என்பதையும் கன்னடத்தார் ஹாலு, ஹத்து என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன், நமது புலி அங்கே ஹுலியாகும் என்பதைப் பிறர் கற்பிக்காமலே ஊகித்துவிடுவான். ஆயினும் அந்த ஊகம் பதக்கமாகிவிடாது. கண்டறிந்த விதிகளை விவரித்து எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் இல்லை என்று வினாத்தாளே எச்சரிக்கிறது. சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமாயிற்று என்னும் அந்த ஒரு வரியை எழுதுகிற பழக்கத்தையோ, விடையை மாத்திரம் மனனம் செய்யப் பயின்ற நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தருவதில்லை. என் மதிப்பீட்டில், நாம் தோற்கும் இடம் புத்தியன்று, எழுத்து.

மற்றொரு கண்ணியும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியிலேயே வந்து நிற்பதால், அதுவே உலகநியதி எனக் கொண்ட பிள்ளை, வினையை முதலில் வைக்கும் மொழியொன்று எதிர்ப்பட்டால் வெகுநேரம் தடுமாறுவான். முன்னறிவு எதையும் வேண்டாத போட்டியில் மும்மொழிப் புலமை இவ்வாறு பாரமாகவும் ஆகக்கூடும்.

குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் இருக்க, இப்பயிற்சிக்குத் தூரதேசம் போகவேண்டியதில்லை. அங்குள்ள மொழிப் பேராசிரியர்கள் மாதம் ஒரு ஞாயிறு நம் பள்ளிகளுக்கு வந்து, அறியாத மொழியின் பத்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, விடை சொன்ன பிள்ளையிடம் “எப்படிக் கண்டாய், எழுதிக் காட்டு” என்று கேட்பார்களாக.