வஸ்வாஸும் இப்னு அகீலின் விடையும்

ஒளுவில் மூன்று முறைக்கு மேலும் கைகளைக் கழுவிக்கொண்டே இருப்பவரையும், நிய்யத் அமையவில்லை என்று தக்பீரை மீண்டும் மீண்டும் கட்டுபவரையும் காரைக்குடி வட்டாரப் பள்ளிவாசல்களில் நாம் கண்டிருக்கிறோம். ஈமான் குறைவு என்று அவர்மீது எளிதில் தீர்ப்புரைக்கப்படுகிறது. பயான்களில் இப்னு அகீல் (ரஹ்) அவர்களின் விடையை எடுத்துக்கூறிச் சபையோரைச் சிரிக்கவைப்பாரும் உளர். ஹிஜ்ரி 513இல் (கி.பி. 1119) மறைந்த அந்தப் பக்தாத் அறிஞரிடம் ஒருவர், பலமுறை நீரில் மூழ்கியும் குளிப்பு நிறைவேறியதா என்னும் ஐயம் தீரவில்லை என்றார். அப்படியானால் உமக்குத் தொழுகையே கடமையில்லை, மூழ்கியெழுந்தும் நனைந்தோமா என்று ஐயுறுபவர் பைத்தியக்காரர் அல்லவா என்றார் இப்னு அகீல். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) வழியாக வந்த செய்தி இது.

ஃபிக்ஹு நோக்கில் கூரிய விடைதான். மருத்துவ நோக்கில் இதனை ஏற்பதற்கில்லை. வஸ்வாஸ் உடையவர் தம் ஐயம் பொருளற்றது என்பதைப் பெரும்பாலும் அறிந்தே அல்லற்படுகிறார். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர் ஒன்றைக் கண்டறிந்தனர். விரைந்து பொத்தானை அழுத்தும் சோதனையில் ஒருவர் தவறிழைத்தால், நொடியில் பத்திலொரு பங்கிற்குள் அவர் மூளையில் ஒரு மின்னலை எழுகிறது. தவறு நேர்ந்ததென்னும் எச்சரிக்கை அது. பிற்கால ஆய்வுகளில் வஸ்வாஸ் நோயாளரிடம் இவ்வலை மிகுந்தும், ஸ்கிஸோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயாளரிடம் குறைந்தும் காணப்பட்டது. (தனியொருவரின் நோயை இவ்வலை கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.) எதிரெதிர்த் திசையில் நிற்கும் இரண்டையும் பைத்தியம் என்னும் ஒரே சொல்லில் அடைப்பது எங்ஙனம் பொருந்தும்?

சொல்தானே என்று தள்ளிவிட முடியவில்லை. பைத்தியம் என்று பெயரிடப்பட்டோரை நம் பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடிக்குக் கொண்டுசென்று விட்ட குடும்பங்கள் பல. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர்.

இப்னு அகீலுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்தியவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு கி.பி. 934). உடல், உள்ள நலம் பற்றிய தம் அரபு நூலில் அவர் கோபம், துயரம், அச்சம் ஆகியவற்றுடன் வஸ்வாஸையும் உள்ளத்தின் துன்பமாகத் தனியே வகுத்து ஆராய்ந்தார். 1984இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அதன் கையெழுத்துப் படி அச்சேறியது. நாம் ஓதிய பாடத்திட்டத்தில் அந்நூல் இல்லை. நகைப்புக்குரிய விடை மட்டும் வாய்மொழியாக வந்துசேர்ந்தது.

இந்நோய்க்கு இன்று மருந்து உண்டு. ஒருமுறை கழுவி, மீண்டும் கழுவத் தூண்டும் பதைப்பைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியும் உண்டு. அப்பயிற்சியால் நலமடைந்த சிறாரிடம் அந்த மின்னலை முன்போலவே இருந்ததாக ஓர் ஆய்வு கூறுகிறது. எச்சரிக்கை ஓயவில்லை, ஆயினும் அவர்கள் கழுவுவதை நிறுத்தக் கற்றிருந்தார்கள்.