கரையில் நிற்பவர்களின் கடல்

கடல் ஓவியம் என்றதும் பலருக்குப் பாய்மரக் கப்பல்களும் பீரங்கிப் புகையும்தான் நினைவுக்கு வரும். கடற்படைத் தளபதிகளும் கப்பல் முதலாளிகளும் காசு கொடுத்து வரையச் சொன்னவை அவற்றில் ஏராளம். என் மனம் தங்குவது வின்ஸ்லோ ஹோமரின் மீனவப் பெண்களிடம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரை ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழுக்காக வரைந்தவர் ஹோமர். 1881இல், 45 வயதில், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊருக்கு வந்து, மறு ஆண்டு நவம்பர் வரை தங்கினார். ஆண்கள் கடலுக்குப் போக, மற்ற பாடெல்லாம் அங்கே பெண்கள் தலையில். மட்டி பொறுக்குவது, ஆயிரங்கால் தூண்டிலில் முள்முள்ளாக இரை கோப்பது, கூடையை முதுகில் சுமந்து மீன் விற்பது எல்லாம் அவர்களே.

1883இல், அமெரிக்கா திரும்பியபின், அந்த நினைவில் வரைந்தது ‘இன்சைடு தி பார்’ (மணல்திட்டுக்கு உள்ளே). அதில் ஒரு மீனவப் பெண் நிற்கிறாள்: கூடை ஒரு கையில், மறுகை இடுப்பில். காற்றில் புடைத்த அவளது ஆடை பின்னாலிருக்கும் படகுகளின் பாய்போலவே விம்முகிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் திணையின் இரங்கலில் ஊறிய நமக்கு இவள் புதியவள். காத்திருப்பவள்தான், ஆனால் கலங்கவில்லை.

இது நீர்வண்ண ஓவியம். 1840களில் உலோகக் குழாயில் அடைத்த நீர்வண்ணம் கடைக்கு வந்தது. கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைவது எளிதாயிற்று. ஹோமர் ஈர வண்ணத்தை ஒற்றியெடுப்பார். காய்ந்த தாளைக் கத்தியால் சுரண்டி நுரையின் வெண்மையை வரவழைப்பார். ஈர மணலின் மினுக்கத்தை எண்ணெய் வண்ணம் இவ்வளவு லேசாகத் தந்துவிடாது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். பக்கத்திலுள்ள நார்த் ஷீல்ட்ஸிலிருந்து 1877இலேயே நீராவி இழுவைப் படகு மீன்பிடிக்கக் கிளம்பிவிட்டது. பாய்ப்படகுக்காரர்களின் பிழைப்பில் அது கைவைத்தது. ரயிலேறி வந்த உல்லாசப் பயணிகளும் அந்தக் கரையில் உண்டு. ஹோமரின் பெண்களைச் சுற்றி இந்த இரண்டையும் காண்பது அரிது. பாஸ்டன் நகரத்தில் விற்பனைக்குப் போன படங்கள் அவை. பழமை மாறாத மீனவ ஊரைத்தான் அந்த நகரவாசிகள் விரும்பியிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனாலும் அந்தப் பெண்களின் உழைப்பை அவர் அழகுக்காக மென்மையாக்கவில்லை.

‘இன்சைடு தி பார்’ நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் பார்ப்பவர்கள் படத்தைப் பெரிதாக்கி, முதலில் அவள் நிற்கும் நிலையைப் பாருங்கள். படகுகளைப் பிறகு பார்க்கலாம்.