பட்டியலும் முறையும்

தமிழில் தீவிர வாசிப்பு பெரும்பாலும் பட்டியல்கள் வழியாகவே கைமாறி வந்திருக்கிறது. க.நா.சு. சலிக்காமல் பட்டியல் போட்டார். பின்னால் ஜெயமோகனும் எஸ். ராமகிருஷ்ணனும் போட்டார்கள். விற்பனை இல்லாத பல நல்ல புத்தகங்கள் மறக்கப்படாமல் இருப்பதில் இந்தப் பட்டியல்களுக்குப் பங்கு உண்டு. நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். இலக்கியக் கூட்டங்களும் இதே வழியில்தான் நடந்தன. டி.கே.சி.யின் வட்டத்தொட்டி ஆகட்டும், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ ஆகட்டும், நடுவில் ஒரு பெரிய வாசகர் இருந்தார்.

கோவையில் மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒரு மொட்டைமாடியில் கூடுகிற எங்கள் பதினோரு பேர் குழுவில், அந்த நடு இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு வருடம், 24 புத்தகங்கள், எல்லாம் என் தேர்வு. ஒன்றுகூட மோசமான புத்தகம் இல்லை. ஆனால் போகப்போகப் படிக்காமலே வர ஆரம்பித்தார்கள். “நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கறோம்.” மரியாதையாகத்தான் சொன்னார்கள். நானும் மணிக்கணக்கில் பேசினேன். வாசகர் வட்டம் பிரசங்க மேடையாகிவிட்டது எனக்கு மட்டும் தெரியவில்லை.

மாற்றியாக வேண்டும் என்றானதும் முதலில் வாக்கெடுப்பு வைத்தோம். அது சரிவரவில்லை. வாக்கில் ஜெயிப்பது எப்போதும் எல்லோரும் கேள்விப்பட்ட புத்தகம், இல்லாவிட்டால் பக்கம் குறைந்த புத்தகம். யாருக்கும் ஆட்சேபம் இல்லாத ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு என்ன பேசுவது? அப்புறம்தான் முறை வைத்தோம். மாதம் ஒருவர் தேர்வு செய்வார். மற்றவர்கள் மறுக்கக் கூடாது. ஏன் இந்தப் புத்தகம் என்று அவர் முதலில் பேச வேண்டும். கதைச்சுருக்கம் கூடாது. நான் கடைசியில் பேச வேண்டும்.

நான்காவது மாதம், தையல்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைத் தேர்ந்தெடுத்தார். 1973இல் வெளிவந்த சின்ன நாவல். என் பட்டியலிலேயே இருந்ததுதான். அதில் தண்ணீர் எப்படிப் படிமமாகிறது, வறட்சி எப்படி ஜமுனாவின் அகவறட்சியாகிறது என்றெல்லாம் ஒரு மணி நேரம் நான் பேசியிருந்தேன். இப்போது அவர் ஆரம்பித்தார்:

“தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. போன தடவை தண்ணி படிமம்னு சொன்னீங்க. எனக்கு அது தண்ணிதானுங்க. எங்க வீதில பத்து நாளைக்கு ஒருக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். குடத்த வரிசைல வச்சுட்டு உக்காந்திருக்கறப்பதான் இதப் படிச்சேன்.”

அப்புறம் டீச்சரம்மாவைப் பற்றிச் சொன்னார். செத்துவிடலாம் என்றிருக்கும் ஜமுனாவுக்கு டீச்சரம்மா ஆறுதல் சொல்வதில்லை. வயது முதிர்ந்த நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூட வேலை என்று தன் வாழ்க்கையைச் சொல்கிறாள். “அவங்களுக்கு அழுவறதுக்கு நேரமில்லைங்க. தண்ணி புடிக்கோணும். அதத்தான் அந்தப் புள்ளைக்கும் சொல்லிக் குடுக்கறாங்க.”

என்னுடைய ஒரு மணி நேரப் பேச்சில் இது இல்லை. படிமம் என்று சொன்ன கையோடு நான் தண்ணீரை நாவலிலிருந்து வெளியே எடுத்துவிட்டிருந்தேன். அசோகமித்திரனோ அதைக் கடைசிவரை தண்ணீராகவே வைத்திருக்கிறார். குழாயும் குடமும் வரிசையும் அங்கே அன்றாட வேலை. அந்த வேலைதான் ஜமுனாவைப் பிடித்து நிறுத்துகிறது. எத்தனையோ முறை படித்த நாவலின் மையத்தை ஒரு வாசகி எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

இதனால் யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, எல்லா ரசனையும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதமே ஓர் இளைஞர் சுயமுன்னேற்ற நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்குக் கோபம். ஆனால் விதி விதிதானே, வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் பேச்சு நின்றுபோனது. ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அவரே சொன்னார்: “படிக்கறப்ப நல்லாத்தாங்ணா இருந்துச்சு. பேசறதுக்குத்தான் ஒண்ணுமில்ல.”

அவர் எழுதாத விமர்சனம் அது. நான் அந்தப் புத்தகத்தைத் தடுத்திருந்தால் என் தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், அவருக்கு மனவருத்தமும். இப்போது அது அவருடைய தீர்ப்பு. ஒரு புத்தகம் பேச்சைத் தாங்குமா என்பதைப் பத்துப் பேர் நடுவில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பட்டியல் ஒருவரை நல்ல புத்தகத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. உள்ளே போவது அவர் வேலை. ஒரு புத்தகத்தைத் தன் பெயரில் மற்றவர்கள் முன் வைக்கும்போது, ‘பிடித்தது’ என்பதோடு தப்பித்துக்கொள்ள முடியாது. ஏன் பிடித்தது என்று யோசித்தாக வேண்டும். விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. எங்களில் பலர் ஒரு கட்டுரைகூட எழுதியவர்கள் இல்லை. ஆனால் முறை வரும் மாதத்தில் விமர்சகர்களாகிவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் என் முறை. அன்று 24 புத்தகங்களை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது மூன்று வாரமாக அலமாரி முன்னால் நிற்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுக்கும்போது ‘ஏனுங்க தம்பி இது?’ என்று அந்த அக்கா கேட்பது போலிருக்கிறது. பதில் சரியாக வராததால் திரும்ப வைத்துவிடுகிறேன்.